வன்னி மண்ணும் புல்லெண்ணெயும்

வட இலங்கையின் வன்னியில் இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கியது. கனகராயன் ஆற்றை மறித்து அணையெழுப்பி முடிக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. யாழ்ப்பாணத்து நிலப்பஞ்சத்துக்கும் வேலையில்லாத் திண்டாட்டத்துக்கும் தீர்வாகக் கிளிநொச்சியில் குடியேற்றம் 1936 அளவில் உருவெடுத்தது. காடு வயலானது இப்படித்தான். அந்தக் குளத்து நீர் நெல்லுக்கு ஊட்டியதோடு நிற்கவில்லை. களையை அமுக்கி வைத்ததும் அதுவே. வன்னியில் ஒரு நூற்றாண்டாகக் களையை அடக்கிய கதையில் நீர், வெயில், மண், மருந்து நான்கும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே வந்திருக்கின்றன. மருந்து வந்த பிறகு மற்ற மூன்றையும் பலர் மறந்துபோனார்கள்.

இரணைமடுவுக்கு முந்திய வன்னியைப் பற்றி ஜே. பி. லூயிஸ் 1895இல் ஒரு நூல் எழுதினார். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களில் நிர்வாகம் செய்த அதிகாரி அவர். பெருங்காடும், அதனிடையே சிறுகுளங்களும், குளத்துக்கொரு சிற்றூருமாக இருந்த நிலம் அது. காய்ச்சலால் மெலிந்த ஊர்கள், ஆட்கள் மிகக் குறைவு. ஆள் குறைந்த இடத்தில் குனிந்து களை பிடுங்கி வயல் செய்ய முடியாது. ஆகவே களை முளைப்பதற்கு முன்பே அதை வெல்ல வேண்டியிருந்தது. முதல் மழையோடு உழுது, முளைத்த புல்லை மறுபடி உழுது புரட்டி, நீர் கட்டி, எருமைகளை விட்டுச் சேறு மிதிக்க வைத்து, அதன்பின் விதைத்தார்கள். மொட்டைக்கறுப்பன் போன்ற பழைய நெல்லினங்கள் உயரமாக வளர்ந்து, இலை விரித்து, நிலத்தில் வெயில் விழாமல் மறைத்தன. நிழலில் புல் சோர்ந்தது.

நின்ற நீர் களையை அமுக்குவதற்குக் காரணம் எளிது. நீர் கட்டிய சில நாட்களில் மண்ணிலுள்ள ஒட்சிசன் தீர்ந்துவிடும். பெரும்பாலான புல்விதைகள் அங்கே முளைக்கமாட்டா. நெற்சப்பி என்ற களைப்புல் மட்டும் அவ்வளவாக அசையாது. குறைந்த ஒட்சிசனிலும் அது முளை விடும். இளம்பயிராக இருக்கையில் நெல்லைப் போலவே தோன்றும். பழகிய கண்தான் இரண்டையும் பிரித்தறியும்.

அந்தப் பழகிய கண்களும் கைகளும் பெரும்பாலும் பெண்களுடையவை. 1958 கலவரத்துக்குப் பிறகும், 1970களின் தோட்டக் காணிச் சீர்திருத்தத்தோடும், 1977 கலவரத்தோடும் மலையகத்திலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்து குடியேறின. அவர்களில் பலருக்குச் சொந்தக் காணி கிடைக்கவில்லை. கிடைத்தது நாட்கூலி. நாற்று நடுவது, களை எடுப்பது, மிளகாய் ஆய்வது என்று வன்னியின் பசுமையைத் தாங்கியது அந்தக் கூலிதான். 1970க்கும் 1977க்கும் இடையில், மிளகாயும் வெங்காயமும் வெளிநாட்டிலிருந்து வருவது கட்டுப்படுத்தப்பட்டிருந்த நாட்களில், விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டக் காணிகள் செழித்தன. அந்தச் செழிப்பைப் பேசுகிறவர்கள் களை எடுத்தவர்களையும் சேர்த்தே பேச வேண்டும்.

இந்தக் காலகட்டத்தில்தான் புட்டியில் வந்த மருந்து வன்னி வயலுக்குள் நுழைந்தது. வயற்காரர் வாயில் அது புல்லெண்ணெய். முதலில் வந்தவை இரண்டாம் உலகப்போரின்போது கண்டுபிடிக்கப்பட்ட 2,4-டி, எம்.சி.பி.ஏ. என்ற உறவுக்கார இரசாயனங்கள். இவை அகன்ற இலைக் களைகளையும் கோரையையும் கொன்றன. நெல்லையும் புல்லையும் விட்டுவிட்டன. 1960களின் தொடக்கத்தில் உலகச் சந்தைக்கு வந்த புரோப்பனில், இலங்கையில் டி.பி.ஏ. என்ற பெயரில் பரவி, நெற்சப்பியைக் கருக்கியது. 1962இல் பரகுவாட் வந்தது; ஊரறிந்த பெயர் கிராமொக்சோன். 1974இல் கிளைபோசேட். அதே வேளையில் நெல்லும் மாறியது. பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த குட்டை நெல்லினங்கள் உரத்துக்கு நன்றாக விளைந்தன, ஆனால் நிலத்தை நிழலால் மூடவில்லை. வரம்பிலிருந்து பார்த்தால் நெல்லுக்கு நடுவே வெயில் விழுந்தது, களைக்கு இடம் கிடைத்தது. குட்டை நெல்லும் புல்லெண்ணெயும் ஒன்றுக்கொன்று துணையாக வன்னிக்கு வந்தன என்பதே உண்மை.

அடித்த மருந்து பிறகு எங்கே போகிறது? இந்தக் கேள்விக்கு முதலில் திருத்தமான விடை தேடியவர்களில் ஒருவர் இலண்டன் பெட்ஃபோர்ட் கல்லூரியின் எல். ஜே. ஓடஸ். 1949 அளவில் அவர் 2,4-டி கரைந்த நீரைத் தோட்டமண்ணினூடாகத் திரும்பத் திரும்பப் பாயவிட்டு அளந்தார். முதல் இரு வாரமளவும் மருந்து பெரிதாகக் குறையவில்லை. பிறகு சட்டென்று மறைந்துபோனது. அதே மண்ணில் மறுபடி மருந்தூற்றியபோது காத்திருப்பே இல்லை, உடனே கரைந்தது. மண்ணிலிருந்த பற்றீரியாக்கள் முதல் முறை அந்த இரசாயனத்தை உணவாக்கப் பழகிக்கொண்டன, இரண்டாம் முறைக்குப் பெருகிய படையாகக் காத்திருந்தன. மருந்தை அழிப்பது பெரும்பாலும் உயிர்தான் என்று அந்த ஆய்வு காட்டியது. உயிர் என்றால் அதற்கு ஈரம் வேண்டும், சூடு வேண்டும், காற்று வேண்டும், இரை வேண்டும்.

இந்த நான்கில் வன்னிக்குக் குறையாதது சூடு. பொதுவாகச் சூடு பத்துப் பாகை ஏறினால் மருந்து சிதையும் வேகம் இரண்டு மடங்கு, அதற்குச் சற்று மேலும் ஆகலாம். மேற்குலகில் மருந்தின் அரைவாழ்வுக்காலத்தை அளக்கும் வழமையான ஆய்வு 20 பாகை செல்சியசில், இருட்டில், அளவான ஈரத்தோடு நடக்கிறது. கிளிநொச்சியின் வைகாசி வயலில் அந்தக் குளிர்ச்சி கிடையாது. அந்தக் கணக்கின்படி இங்கே எல்லா மருந்தும் வெகு விரைவாக அழிந்துவிட வேண்டும். ஆனால் சூட்டோடு சேர்ந்து வறட்சியும் வருகிறது. வன்னியின் மழை ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ் பருவக்காற்றில்தான் கொட்டுகிறது. ஆனி, ஆடியில் மேட்டுக்காணி மண் வறண்டு புழுதியாகக் கிடக்கும். காய்ந்த மண்ணில் நுண்ணுயிர்கள் செயலற்றுப் போகும்; எவ்வளவு சூடேறினாலும் சிதைவு நின்றுபோகும். சிறுபோகக் கடைசியில் மேட்டு நிலத்தில் அடித்த மருந்தின் மிச்சம் அடுத்த மழை வரை அப்படியே கிடப்பதற்கு இடமுண்டு.

முதல் மழை விழுந்ததும் நிலைமை தலைகீழாகிறது. கென்யாவில் வேலை செய்த எச். எஃப். பேர்ச் 1958இல் ஒன்றைக் கவனித்தார். நன்றாகக் காய்ந்த மண்ணை நனைத்தவுடன் நுண்ணுயிர்கள் வெறி கொண்டதுபோல் இயங்கி, சில நாட்களுக்கு மூச்சும் நைதரசனும் கொட்டின. அவர் பெயரால் வழங்கும் அந்த விளைவு வன்னியின் புரட்டாசி, ஐப்பசி மழைக்கு முழுதும் பொருந்தும். காய்ந்த மண்ணில் நெல்லைத் தூவி மழைக்குக் காத்திருக்கும் புழுதி விதைப்பில் களையும் நெல்லும் ஒன்றாகவே கிளம்பும். மண்ணில் கிடந்த மருந்து மிச்சத்தின் அழிவும் அப்போதே வேகம் பிடிக்கும். மழை வந்த முதல் வாரங்களில் மேட்டு மண்ணில் காற்றும் இருக்கிறது, ஈரமும் இருக்கிறது, சூடும் குறையவில்லை. ஆண்டிலேயே மருந்து வேகமாக அழிகின்ற காலம் அதுவே.

இப்படி மேடு ஒருவிதமும் பள்ளம் ஒருவிதமுமாக நடப்பதற்குக் காரணம் வன்னியின் நில அமைப்பு. எஃப். ஆர். மூர்மனும் சி. ஆர். பாணபொக்கேயும் 1961இல் இலங்கை மண்வகைகளை வகுத்து எழுதியபோது உலர்வலயத்தின் அலையலையான நிலத்தைத் தெளிவாகக் காட்டினார்கள். மேட்டில் நீர் வடியும் செங்கபில மண், சரிவின் அடியில் நீர் தேங்கும் சாம்பல் நிற மண். குளத்துக்குக் கீழே கிடக்கும் வயல்களில் பெரும்பாலானவை இந்தச் சாம்பல் மண்ணில், அல்லது அதையொட்டி. மேட்டு மண்ணில் இரும்பு அதிகம், சேதனப் பொருள் குறைவு. இவற்றுக்கு அப்பால் முல்லைத்தீவுக் கடலோரத்தில் மணல். ஒரே புட்டியிலுள்ள மருந்து இந்த மூன்றிடத்திலும் மூன்று ஆயுளோடு வாழும்.

2,4-டி இதற்குத் தக்க சாட்சி. காற்றோட்டமுள்ள மண்ணில் அதன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 6 நாள்தான். ஒட்சிசன் அற்ற நீரடிச் சேற்றில் அதே மருந்துக்கு 41 நாளிலிருந்து 333 நாள் வரை பிடித்திருக்கிறது. எம்.சி.பி.ஏ.யும் ஏறத்தாழ இவ்வகைதான். நீர் கட்டிய வயலில் மண்ணின் மேற்பரப்பில் மட்டும், சில மில்லிமீற்றர் ஆழத்துக்கு, ஒட்சிசன் உண்டு. அதன்கீழ் இல்லை. நீரை வடித்துவிட்டு மருந்தடித்து, இரண்டொரு நாள் கழித்து நீர் ஏற்று என்று புட்டியில் எழுதியிருப்பதற்கு இலையில் மருந்து படவேண்டும் என்பதுதான் காரணம். ஆனால் அந்த இரண்டு நாளில் மண்ணுக்குள் புகும் காற்றும் மருந்தை அழிக்க உதவுகிறது என்பதை வயற்காரருக்கு யாரும் சொல்வதில்லை.

இதற்கு நேர்மாறான மருந்துகளும் உண்டு. லிண்டேன் எனும் பூச்சிமருந்து மேட்டு மண்ணில் நெடுநாள் நிலைக்கும். ஆனால் நீர் கட்டிய நெல்வயலில் விரைந்து சிதைவதை 1960களின் நடுவில் பிலிப்பைன்சின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கண்டறிந்தார்கள். அதே நிலையத்திலும் பிறகு ஒடிசாவின் கட்டாக்கிலும் வேலை செய்த என். சேதுநாதன் 1973இல், டயசினோன் என்ற பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்ப இட்ட வயல்நீரிலிருந்து அந்த மருந்தைச் சிதைக்கும் பற்றீரியாவையே பிரித்தெடுத்தார். ஓடஸ் இலண்டன் தோட்டமண்ணில் கண்டதை ஆசியாவின் நெற்சேறும் உறுதி செய்தது.

புரோப்பனிலின் கதை வன்னிக்கு இன்னும் நெருக்கமானது. நெற்பயிரில் ஒரு நொதியம் உண்டு. அது புரோப்பனிலை உடைத்துவிடுவதால் நெல் பிழைக்கிறது, நெற்சப்பி கருகுகிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் இதே வகை நொதியத்தால் அந்த மருந்தை ஓரிரு நாளில், கூடினால் சில நாளில் உடைத்துவிடும். தாய் மருந்து போய்விடும். ஆனால் உடைந்த துண்டான குளோரினேறிய அனிலின் மண்ணின் உக்கலோடு ஒட்டிக்கொண்டு நெடுநாள் இருக்கும். சேதனம் மிகுந்த மண்ணில் அதிகமாக ஒட்டும், சேதனம் குறைந்த மண்ணில் குறைவாக. தாய் மருந்தின் ஆயுளை மட்டும் பார்த்து மருந்து அழிந்தது என்று சொல்வது அரைக்கணக்கு.

அந்தக் கணக்கில் நெற்சப்பியும் ஒருநாள் சேர்ந்துகொண்டது. 1997இல் இலங்கையில் புரோப்பனிலுக்கு அசையாத நெற்சப்பி பதிவானது. நெல்லைக் காத்த அதே வகை நொதியம் களையிலும் மிகுந்துவிட்டதே அதற்கு வழியானது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புத்தி மாரம்பே போன்ற களை ஆய்வாளர்கள் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு ஒரே மருந்தை அடித்த வயல்கள் கொடுத்த விளைவு அது.

இந்த இடத்தில் வன்னியின் வரலாறு மற்ற மாவட்டங்களிலிருந்து பிரிகிறது. 1990 ஜூனில் உள்நாட்டுப் போர் மறுபடி மூண்டபின் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. டீசலும் சீமெந்தும் பாட்டரியும் யூரியாவும் தடுக்கப்பட்ட பொருட்களாயின. விவசாய இரசாயனங்களின் வரத்தும் அருகியது. 1995இன் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் வன்னியில் குவிந்தபோது உண்ணும் வாய்கள் பெருகின, இடுபொருட்கள் பெருகவில்லை. கைகள் மட்டும் இருந்தன. அந்த ஆண்டுகளில் களை எடுப்பது மறுபடி மனித வேலையானது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை. வன்னியூடாகச் செல்லும் ஏ9 வீதி திறந்தது. லொறிகளோடு உரமும் புல்லெண்ணெயும் வந்தன. 2006 ஆகஸ்டில் வீதி மறுபடி மூடியது. தெற்கு வயல்கள் தடையில்லாமல் மருந்துக்குப் பழகிய அதே காலத்தில் வன்னி மண் மருந்தையும் மருந்தின்மையையும் மாறி மாறிக் கண்டது. ஓடஸின் பற்றீரியாக்களைப் போல மண் எதை நினைவில் வைத்தது, எதை மறந்தது என்பதை அறிய அன்றைக்கு மண் மாதிரி எடுத்துச் சேமித்திருக்க வேண்டும். ஷெல் விழுந்த நிலத்தில் அந்த வேலை நடக்கக்கூடியதல்ல. கிளிநொச்சியில் 1990இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடமே இடம்பெயர்ந்துதான் போனது. போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னரே அது கிளிநொச்சியின் அறிவியல்நகருக்குத் திரும்பியது.

2008, 2009இல், போரின் இறுதிக்கட்டத்தில், சனம் முழுவதும் பெயர்ந்தது. வயல்கள் தரிசாகின. 2010 முதல் மீளக்குடியேறியவர்கள் கண்டது புதரும் நாயுருவியும் இலுக்கும் மூடிய காணி. சில இடங்களில் மிதிவெடி அகற்றும்வரை ஏரைக்கூட இறக்க முடியவில்லை. மாடுகள் இல்லை, ஆட்கள் சிதறியிருந்தார்கள், குடும்பங்களில் உழைக்கும் வயதினர் பலர் இல்லை. இப்படியொரு நிலத்தைத் திருத்தக் கிளைபோசேட் கைக்கு எளிதாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அதை அடித்தவர்களைக் குற்றம் சொல்ல இந்தக் கட்டுரைக்கு மனமில்லை.

வன்னிக்குப் போர் கொண்டுவந்த இன்னொரு களை பாத்தீனியம். 1999இல் வவுனியாவில் அது முதன்முதலாக இனங்காணப்பட்டது. 1987இல் வந்த இந்திய அமைதிப்படையின் ஆடுகளோடும் தீவனத்தோடும் அதன் விதை வந்திருக்கும் என்று நம்பப்படுகிறது. வெண்பூப் பூத்து வீதியோரமெல்லாம் பரவி, தோலில் அரிப்பும் மூச்சில் இழுப்பும் தரும் செடி. அது தானே ஒரு களைநாசினியைச் செய்கிறது. இலையிலும் தண்டிலும் ஊறும் பாத்தெனின் என்ற நஞ்சு மண்ணில் விழுந்து அயற்செடிகளின் முளையைத் தடுக்கும். ஜெர்மனியிலும் தென்னாபிரிக்காவிலும் உள்ள ஆய்வாளர்கள் அதன் ஆயுளை அளந்தார்கள். சூடும் ஈரமும் உள்ள மண்ணில் அது சில நாட்களுக்குள் சிதைகிறது. முன்பே பாத்தெனினைச் சுவைத்த மண் இன்னும் வேகமாகச் சிதைக்கிறது. ஆலையில் செய்த மருந்தானாலும் செடி செய்த நஞ்சானாலும் மண் ஒரே விதியைத்தான் காட்டுகிறது.

பரகுவாட் அந்த விதிக்கு வெளியே நின்றது. களிமண் துகளைத் தொட்டவுடன் அது இறுக ஒட்டிக்கொள்ளும். வேரும் எடுக்காது, பற்றீரியாவும் எடுக்காது. அதனால் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், ஆனால் செயலற்று. களி நிறைந்த குளத்தடி வயலில் ஒருவிதம், களியற்ற கடலோர மணலில் வேறுவிதம். அதைத் தடைசெய்யக் காரணம் மண் அல்ல, மனித உயிர். ஒரு மிடறு உட்கொண்டாலே உயிர் போகும் அந்த மருந்து இலங்கையின் ஊர்களில் எத்தனையோ பேரைக் கொண்டுபோனது. 2008இல் அதன் செறிவைக் குறைத்து, சில ஆண்டுகளில் முற்றாக நிறுத்தினார்கள். இலங்கை எடுத்த நல்ல முடிவுகளில் அது ஒன்று.

கிளைபோசேட்டில் அந்தத் தெளிவு இல்லை. 1990களில் வடமத்திய மாகாணத்தில் தெரியவந்த, காரணம் அறியாச் சிறுநீரக நோய் வவுனியாவையும் தொட்டது. 2014இல் ஆய்வாளர் ஜயசுமணவும் கூட்டாளிகளும் கிளைபோசேட்டும் கடின நீரும் உலோகங்களும் சேர்ந்து நோயைத் தரலாம் என்று ஒரு கருதுகோளை வெளியிட்டார்கள். 2015இல் நாடு முழுவதும் தடை. 2018 ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விலக்கு. 2021இல் எல்லா இரசாயன உரத்துக்கும் மருந்துக்கும் இறக்குமதித் தடை. அதே ஆண்டு நவம்பரில் அது நீங்கியது. 2022 ஆகஸ்டில் கிளைபோசேட் தடையும் நீங்கியது. நோயின் காரணம் இன்றும் முடிவாகவில்லை. ஏழாண்டுகளில் இத்தனை ஏற்ற இறக்கம். அந்த வாதங்களில் வன்னியின் மண் பேசப்படவேயில்லை.

பேசியிருக்க வேண்டிய சங்கதி இது. கிளைபோசேட் மண்ணிலுள்ள இரும்பையும் அலுமினியத்தையும் பற்றிக்கொள்ளும். இரும்பு நிறைந்த செங்கபில மண்ணில் அது நன்றாக ஒட்டும், ஆழத்துக்கு எளிதில் இறங்காது. ஆனால் பொசுபேற்று உரம் அதே ஒட்டிடங்களுக்குப் போட்டியிடும். உரத்தை அள்ளிக் கொட்டிய மண்ணில் கிளைபோசேட்டின் பிடி தளர்கிறது. கொட்டும் மழையில் செம்மண் துகள்களோடு சேர்ந்து அது குளத்துக்குப் போகிறது. வன்னியின் குளங்கள் தொடராக அமைந்தவை. மேற்குளத்து வயல் வடித்த நீரே கீழ்க்குளத்துக்கு வரத்து. ஒருவர் வயலில் வடித்த நீர் மற்றவரின் வாய்க்காலிலும், குளத்தடிக் கிணற்றிலும், கடைசியில் சுண்டிக்குளக் கடனீரேரியிலும் சேர்கிறது.

போகம் தொடங்கும் முன் மாவட்டச் செயலகத்தில் கமக்காரர் அமைப்புகளும் நீர்ப்பாசனத் திணைக்களமும் கூடிப் பேசுகின்றன. எந்த நாளில் துரிசு திறப்பது, எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்த நாளுக்குள் விதைப்பு முடிய வேண்டும் என்பவையெல்லாம் அங்கே முடிவாகும். அதே மேசையில் இன்னொரு கேள்வியையும் வைக்கலாம். ஒரு வாய்க்காலின் கீழுள்ள வயல்கள் எந்த நாளில் நீர் வடித்து மருந்தடிப்பது, அதன்பின் ஏற்றிய நீரை எத்தனை நாள் வரம்புக்குள் மறித்து வைப்பது? யப்பானில் நெல்வயலுக்கு மருந்திட்டபின் ஏழு நாள் நீரை வெளியே விடாதிருக்கும் நடைமுறை உண்டு. சூடான மண்ணிலும் நீரிலும் அந்த நாட்களில் பல மருந்துகளின் ஒரு பங்காவது வயலுக்குள்ளேயே சிதையும். பரந்தன் நெல் ஆராய்ச்சி நிலையமும் அறிவியல்நகர் விவசாய பீடமும் கிளிநொச்சியிலேயே இருக்கின்றன. இரணைமடுக் குளத்து இடதுகரையிலும் வலதுகரையிலும், மேட்டு மண்ணிலும் பள்ளத்து மண்ணிலும், ஐப்பசியிலும் ஆனியிலும் மண் மாதிரி எடுத்து இன்று விற்கும் மருந்துகளின் ஆயுளை அளந்து, அந்த எண்களைக் கமநல சேவை நிலையத்தின் பலகையில் தமிழில் எழுதிவைப்பது இவர்களால் முடியக்கூடிய வேலை.